பெரிய மீனைப் பிடித்துவிட்டுச் சிறியதை விதைக்கு விடலாமா?

நாட்டு நெல் பயிரிடும் உழவர் அறுவடைக்கு நாலு நாள் முன்பாக வயலுக்குள் இறங்கி ஒரு நடை நடப்பார். தூர் நன்றாகக் கட்டி, கதிர் நீண்டு, மணி முற்றி நிற்கும் இடத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வார். அதுதான் அடுத்த பட்டத்துக்கு விதை. வரப்போரம் சாவியாகிப் போன கதிரை விதைக்கு எடுப்பவர் எவரும் இல்லை.

ஒரு பேச்சுக்கு, இதை நேர்மாறாகச் செய்தால் என்ன ஆகும்? நல்ல கதிரையெல்லாம் அடித்து விற்றுவிட்டு, குட்டைக் கதிரை மட்டும் விதைக்கு ஒதுக்கினால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூட்டைக் கணக்குகூடச் சரியாகவே இருக்கும். சில வருடம் கழித்துத்தான், என்ன உரம் போட்டாலும் பழைய விளைச்சல் வரவில்லையே என்ற பேச்சு எழும்.

வயலில் ஒருவரும் செய்யத் துணியாத இந்தக் காரியத்தைத்தான் கடலிலும் ஏரியிலும் வலை செய்துவருகிறது. வலையின் கண்ணி பெரிய மீனைப் பிடித்து நிறுத்துகிறது. சிறியதை வெளியே விடுகிறது. தப்பிய சிறியது முட்டையிடுகிறது. அடுத்த தலைமுறைக்கு அதுவே விதை.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிறு மீன் என்றால் குஞ்சு மட்டும் அல்ல. ஒரே வயதுள்ள மீன்களில் வேகமாக வளரும் மீனும் உண்டு, மந்தமாக வளரும் மீனும் உண்டு. வேகமாக வளருவது சினை பிடிப்பதற்கு முன்பே வலையில் சிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. மந்தமானதும், உடல் வளருமுன்பே அவசரமாகச் சினை பிடிப்பதும் வலையில் சிக்குமுன் ஒரு முறையாவது முட்டையிட்டுவிடுகின்றன. வலை எந்த மீனையும் குட்டையாக்குவதில்லை. எது பெற்றோர் ஆகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. தாய் தகப்பனின் குணம் பிள்ளைக்கு வருவது மாட்டுக்கு எப்படியோ, மீனுக்கும் அப்படியே.

முதிர்ந்த நாற்றை நட்டவர்களுக்கு இதன் பலன் தெரியும். தூர் கட்டப் போதிய நாள் இல்லாமல் பயிர் சீக்கிரமே பூத்துவிடும், கதிர் சிறுத்துப்போகும். அவசரமாகச் சினை பிடிக்கும் மீனின் கதையும் அதுவே. தின்ற இரை உடம்பில் ஏறாமல் முட்டைக்குப் போய்விடுகிறது. உடம்பு சிறிதானால் வயிறும் சிறிது, முட்டையும் குறைவு.

தொட்டியில் நடந்த சோதனை

இது வெறும் ஊகமா, உண்மையா என்று அமெரிக்காவில் டேவிட் கோனோவர், ஸ்டீபன் மன்ச் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தனர். அந்நாட்டின் கிழக்குக் கரையோரம் கிடைக்கும் சில்வர்சைடு என்ற சிறு மீனை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடம்தான் என்பதால் தலைமுறைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். மீன்களை ஆறு குழுக்களாகப் பிரித்து வளர்த்தனர். இரண்டு குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு என்ற கணக்கில் பெரிய மீன்களைப் பிடித்தெடுத்தனர். இன்னும் இரண்டில் அதே கணக்கில் சிறியவற்றைப் பிடித்தனர். மீதி இரண்டில் பெரிது சிறிது பாராமல் பிடித்தனர். எஞ்சியவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டனர். இரை, நீர், பராமரிப்பு எல்லாம் ஒன்றே.

முதலில் அதிக எடை கிடைத்தது பெரிய மீனைப் பிடித்த தொட்டிகளில்தான். இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் நாலே தலைமுறையில் கணக்கு தலைகீழானது. சிறியதைப் பிடித்துப் பெரியதை விதைக்கு விட்ட குழுவின் விளைச்சல், பெரியதைப் பிடித்த குழுவைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2002-ல் இந்த முடிவு வெளியானபோது மீன்வளத் துறையினர் பலரை அது சிந்திக்க வைத்தது. பெரியதைப் பிடித்த குழுவின் முட்டைகளும் குஞ்சுகளும்கூடச் சிறுத்துப்போயிருந்தன. மீன்கள் குறைவாகத் தின்றன, இரை தேடி வரவே தயங்கின என்று 2006-ல் வெளியான தொடர் ஆய்வு கூறியது. உருவம் மட்டுமல்ல, சுறுசுறுப்பும் போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு இந்தத் தெரிவை நிறுத்திவிட்டு மேலும் ஐந்து தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். அளவு மீண்டும் கூடியது, ஆனால் முழுவதும் மீளவில்லை. முழுதாக மீள 12 தலைமுறை வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். ஒரு வருட மீனுக்கு அது 12 வருடம். ஐந்தாறு வருடத்தில் சினை பிடிக்கும் கடல் மீனுக்கு எத்தனை வருடம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

காட் மீன் கதை

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மீன் எண்ணெய் பல வீடுகளில் பழக்கமானது. அந்த எண்ணெய்க்குப் பேர்போனது காட் மீனின் ஈரல். வட அட்லாண்டிக் கடலில், கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்து தீவை ஒட்டிய மேட்டுப் பகுதி இந்த மீனுக்குப் புகழ் பெற்றது. 1497-ல் ஜான் கபோட் என்ற மாலுமி அங்கு போய்த் திரும்பியபோது, கூடையில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கினாலே மீன் வருகிறது என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. அதன் பிறகு 450 வருடம், தூண்டிலும் சிறு வலையும் கொண்டு அங்கே மீன் பிடித்தார்கள். மீன் தீரவில்லை.

1950-களில் ராட்சத இழுவலைக் கப்பல்கள் வந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் தொழிற்சாலைகள் அவை. 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லை வகுத்து வெளிநாட்டுக் கப்பல்களை விலக்கியது. ஆனால் அவர்கள் இடத்தைச் சொந்த நாட்டுக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. 1992 ஜூலை 2-ம் தேதி காட் மீன்பிடிப்புக்கே தடை போட வேண்டி வந்தது. நியூஃபவுண்ட்லாந்தில் சுமார் 30 ஆயிரம் பேர் வேலை இழந்தனர். இரண்டு வருடத்தில் சரியாகிவிடும் என்றுதான் அப்போது சொன்னார்கள். தடை 32 வருடம் நீடித்தது. 2024-ல் தடையை நீக்கியபோது அந்த வருடத்துக்கு அனுமதித்த அளவு 18 ஆயிரம் டன்.

மீன் குறைந்ததற்குக் காரணம் அளவுக்கு மீறிப் பிடித்தது. இதில் இரண்டாவது பேச்சு இல்லை. பிடிப்பதை நிறுத்திய பிறகும் ஏன் இத்தனை காலம் திரும்பி வரவில்லை என்பதுதான் கேள்வி. நீரின் குளிர், இரை மீன் குறைவு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்றை ஓல்சன் என்பவரும் அவரது சகாக்களும் 2004-ல் வெளியிட்டனர். முன்பு சுமார் 6 வயதில் சினை பிடித்த இந்த மீன், தடைக்கு முந்தைய வருடங்களில் சுமார் 5 வயதிலேயே, சிறிய உடம்போடு சினை பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்த அடையாளம் வீழ்ச்சிக்கு முன்பே பதிவேடுகளில் இருந்தது. எடையை அளந்தவர்கள் விதையின் தரத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வயது முந்துவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். 30 கிலோ எடையுள்ள ஒரு தாய்க் காட் மீன் இடும் முட்டை, 2 கிலோ எடையுள்ள 28 தாய் மீன்கள் சேர்ந்து இடும் முட்டைக்குச் சமம் என்று 2018-ல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. கிழட்டு மீன் என்று ஒதுக்கத்தக்கது அல்ல அது, கடலின் விதைக்கிடங்கு.

ஒன்று மாறினால் மற்றதும் மாறும்

இதுவரை சொன்னது ஒரு மீனின் கதை. நீருக்குள் எந்த உயிரும் தனித்து இல்லை. பாசியையும் கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிரையும் மிதக்கும் சிறு பூச்சிகள் தின்கின்றன. பூச்சிகளைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. கெண்டை வளர்ப்பவர்கள் குளத்தில் சாணம் கரைப்பதே இந்த ஏணியின் முதல் படியை நிரப்பத்தானே!

பெரிய மீன் சிறுத்தால் அதன் வாயும் சிறுக்கிறது. முன்பு விழுங்கிய இரையை இப்போது விழுங்க முடியாது. முன்பு யாருக்கும் அஞ்சாத அது, இப்போது தானே பிறருக்கு இரையாகிறது. ஆஸ்திரேலியக் கடலை மாதிரியாக வைத்துக் கணினியில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐந்து வகை மீன்களின் நீளம் 50 வருடத்தில் வெறும் 4 சதவீதம் குறைவதாக வைத்தார்கள். அதில் சில வகை மீன்கள் பிற மீன்களுக்கு இரையாவது 50 சதவீதம் கூடியது. வலை ஒரு பங்கு குறைத்ததை உணவு வலை பல பங்காகப் பெருக்கிவிடுகிறது.

நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கடலில் இது கண்ணெதிரே நடந்தது. காட் மீன் ஒழிந்தபின் அங்கே அது தின்றுவந்த மத்தி இனச் சிறு மீன்களும், இறாலும், பனி நண்டும் பெருகின. சிறு மீன் பெருகியதால் பெரிய மிதவைப் பூச்சிகள் குறைந்தன. பூச்சி குறைந்ததால் தாவர நுண்ணுயிர் கூடியது. மேலே ஒரு படியைத் தட்டியதற்கு அடிப்படி வரை ஆட்டம் கண்டது. போதாக்குறைக்கு, பெருகிய சிறு மீன்கள் காட் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னக்கூடியவை. நேற்று இரையாக இருந்தது இன்று எஜமானின் பிள்ளையைத் தின்கிறது.

நியூஃபவுண்ட்லாந்தில் இறாலும் நண்டும் காட் மீனைவிட அதிகப் பணம் ஈட்டித் தந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே நஷ்டம் எங்கே என்று கேட்பவர் உண்டு. நண்டு பிடிக்கப் பெரிய படகும் உரிமமும் உள்ளவருக்கு நஷ்டம் இல்லைதான். காட் மீனை உப்பிட்டுக் காயவைத்தும், வெட்டிச் சுத்தம் செய்தும் கூலி வாங்கியவருக்கு அந்தப் பணத்தில் பங்கு கிடைத்ததா என்பது வேறு கணக்கு.

இரையாகும் மீனின் குணத்தையும் தின்னும் மீனே வடிக்கிறது. டிரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி என்ற சிறு மீன் உண்டு. கொசுப் புழுவைத் தின்பதற்காக நம் நாட்டிலும் கிணறுகளில் விடப்படுவது இதுதான். அருவிக்குக் கீழே, பெரிய மீன் அதைத் தின்னும் இடத்தில் கப்பி சீக்கிரம் சினை பிடிக்கிறது, உடம்பு சிறியது. 1976-ல் அவற்றில் சிலவற்றை எடுத்து, அந்தப் பெரிய மீன் இல்லாத மேல் ஓடையில் விட்டார்கள். 11 வருடத்தில் அவற்றின் சந்ததி தாமதமாக, பெரிய உடம்போடு சினை பிடிக்கும் வகையாக மாறியிருந்தது. ஆக, ஒரு நீர்நிலையில் பெரிய மீனை வலை போட்டு ஒழிப்பவர் அதன் வம்சத்தை மட்டும் தொடுவதில்லை. அது தின்றுவந்த மீன்கள் எப்படி வளரும், எப்போது சினை பிடிக்கும் என்பதிலும் அவரது கை இருக்கிறது.

மறுப்பும் உண்டு

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒரே குரலில் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம் குறைந்தால் மிஞ்சிய மீனுக்கு இரை அதிகம் கிடைக்கும், அதனாலும் சீக்கிரம் சினை பிடிக்கலாம், இதில் வம்சக் குணம் மாறியதாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு வாதம். நெல்லை நெருக்கி நட்டால் ஒரு விதம், விலக்கி நட்டால் ஒரு விதம் வளருவதைப் போல. 2021-ல் பழைய காட் மீன்களின் மரபணுவையும் இன்றைய மீன்களின் மரபணுவையும் ஒப்பிட்டவர்கள் பெரிய மாற்றம் காணவில்லை என்றே சொன்னார்கள்.

ஆனால் 2025-ல் வேறு செய்தி வந்தது. ஐரோப்பாவில் பால்டிக் கடலின் கிழக்குப் பகுதிக் காட் மீன் மிகவும் சிறுத்துப்போய், 2019-ல் அங்கும் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. 1996 முதல் 2019 வரை பிடிபட்ட 152 மீன்களின் காதுக்கல்லை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தனர். மர வளையம் போல அந்தக் கல்லில் ஆண்டு வளர்ச்சி பதிந்திருக்கும். வளர்ச்சியையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்ததில், வேகமாக வளரும் வகை குறைந்து, மந்தமாக வளரும் வகை மிஞ்சியது தெரிந்தது. அங்கே நீரில் பிராண வாயு குறைந்ததும் மீனை வாட்டியது உண்மை. ஆனாலும் வலைக்குப் பங்கில்லை என்று இனிச் சொல்வது கடினம்.

விவாதம் முடியட்டும் என்று காத்திருப்பது எந்த அளவுக்குச் சரி? மாறியது வம்சக் குணம் இல்லை என்று தெரிந்தால், பெரிய மீனைக் கொஞ்சம் விட்டுவைத்ததில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. மாறியது வம்சக் குணம்தான் என்று பிறகு தெரிந்தால், இழந்ததை மீட்க ஒரு தலைமுறை உழவரின் ஆயுள் போதாது.

ஊர் ஏரியில்

தமிழ்நாட்டில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017-ல் 61 நாளாகியது. வலைக்கண் அளவுக்கும் விதி உண்டு. இரண்டும் நல்லவை. முதலாவது முட்டையிடும் காலத்தைக் காக்கிறது. இரண்டாவது குஞ்சைக் காக்கிறது. பெரிய தாய் மீனுக்குத்தான் காவல் இல்லை. தடை முடிந்த மறுநாளே அது வலையில் வருகிறது. கண்ணியைப் பெரிதாக்கக் கூடாது என்பதல்ல வாதம். குஞ்சைப் பிடிப்பது விதை நெல்லைப் பொங்கித் தின்பது போல. அதை யாரும் ஆதரிக்க முடியாது. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விட்டுவிட்டு நடுத்தரத்தைப் பிடிக்க வழி செய்ய வேண்டும். வலையே விழாத சில இடங்களையும் ஒதுக்க வேண்டும். கடலில் இது அரசின் வேலை. ஏரியில் ஊரார் கையிலேயே இருக்கிறது.

ஏரி மீனில் இரு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் தாமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. வருடந்தோறும் குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும். ஆகவே அவற்றில் பெரியதைப் பிடிப்பதால் ஏரிக்குக் கெடுதல் இல்லை, தாராளமாகப் பிடிக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது குஞ்சுப் பண்ணை. விற்றது போக மிஞ்சிய சிறு மீனைத் தாய் மீனாக வைத்துக் குஞ்சு எடுக்கும் பண்ணை, வலை செய்யும் அதே தவற்றைத் தொட்டியில் செய்கிறது. நேர்மாறாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புவனேஸ்வரம் அருகே கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் சாட்சி. 1992-ல் தொடங்கி, நன்கு வளரும் ரோகுவையே தலைமுறைதோறும் பொறுக்கி எடுத்து அங்கே ஜெயந்தி ரோகுவை உருவாக்கினார்கள். தலைமுறைக்குச் சராசரி 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. குஞ்சு வாங்கும் உழவர், விலை கேட்பதற்கு முன் தாய் மீன் எங்கிருந்து வந்தது, என்ன எடை என்று கேட்பது நல்லது.

விரால் அப்படியல்ல. அது ஏரியிலேயே முட்டையிட்டு, ஏரியிலேயே குஞ்சைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும்போது கீழே பெரிய விரால் காவலிருக்கும். அது தெரிந்துதான் அந்த இடத்தில் தூண்டிலைப் போடுகிறார்கள். குஞ்சைக் காக்கச் சீறி வரும் மீன் தூண்டிலைக் கவ்வுகிறது. காவலில் அக்கறை இல்லாதது தப்பிவிடுகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், விராலைப் போலவே குஞ்சைக் காக்கும் பாஸ் என்ற மீனை வைத்து 20 வருடம் ஆராய்ந்தார்கள். தூண்டிலில் எளிதில் சிக்கும் குணம் வம்சத்தில் வருவது. அப்படிச் சிக்கும் ஆண் மீன்களே குஞ்சுகளை நன்றாகக் காப்பவை என்று தெரிந்தது. தூண்டில்காரர் பொறுக்கி எடுப்பது நல்ல தகப்பனைத்தான். விராலில் இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் காவல் மீனைப் பிடித்த அன்றே அந்தக் குஞ்சுக் கூட்டம் கொக்குக்கும் பிற மீனுக்கும் இரையாவதைப் பார்க்க ஆராய்ச்சி தேவையில்லை.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது குத்தகை முறை. குறுகிய காலத்துக்கு ஏலம் எடுத்தவர், காலம் முடியும் தறுவாயில் மடுவையும் இறைத்துக் கடைசி விரால் வரை பிடித்துக்கொண்டுதான் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விட்டுவைத்த மீன் அடுத்த ஏலக்காரருக்குப் போகும் என்றால் யார்தான் விடுவார்? குத்தகைக் காலத்தை நீட்டலாம். அல்லது மடுவை இறைக்கக் கூடாது, குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிக்கக் கூடாது, இத்தனை பெரிய விராலை ஏரியில் விட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதலாம். அடுத்த ஏலத்துக்கு ஊர் கூடும்போது, தொகையைப் பேசுவதற்கு முன் இந்த மூன்றையும் எழுதி வைக்கும்படி உழவர்கள் கேட்க வேண்டும்.